புல்வெளி நிலைக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்து, இடத்துக்கு ஏற்ற புல்லைத் தேர்ந்தெடுக்கும் வழிமுறை

பழுதான வீட்டுப் புல்வெளிகளைச் சீர் செய்யப் போகும் இடங்களில் நான் திரும்பத் திரும்பக் காண்பது ஒரே கதைதான். புல் வெளுத்தவுடன் உரம் போடுகிறார்கள்; உரம் பலிக்காதபோது மருந்து அடிக்கிறார்கள்; மருந்தும் பலிக்காதபோது, செத்துப்போன அதே புல்லை மறுபடியும் வாங்கி அதே இடத்தில் பதிக்கிறார்கள். அந்த இடத்துக்கு அந்தப் புல் பொருந்துமா என்பதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. இதற்கு நேர்மாறாக, மழுங்கிய கத்தியால் வந்த குறைக்காக நல்ல புல்லை வேரோடு பெயர்த்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே, எந்த அறிகுறி பராமரிப்புக் குறையால் வருவது, எது புல் வகையே தவறு என்று காட்டுவது என்பதைக் கீழே பிரித்து எழுதுகிறேன். புல்லை மாற்றுவதே செலவு மிகுந்த வேலை என்பதால், ஒவ்வோர் அறிகுறியிலும் அது இறுதியில்தான் வரும்.

கையில் ஒரு நீண்ட ஸ்க்ரூடிரைவர், ஓர் அளவுகோல், ஒரு மண்வெட்டி, அடியும் மேலும் திறந்த ஒரு தகர டப்பா ஆகியவை இருந்தால் போதும்.

தொடங்கும் முன்: உங்களிடம் இருப்பது எந்தப் புல்?

நர்சரியில் சொன்ன பெயரை நம்ப வேண்டாம். ஒரே பெயரில் வெவ்வேறு புற்கள் விற்கப்படுகின்றன. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை வேரோடு எடுத்துக் கழுவிப் பாருங்கள்.

தண்டு மண்ணுக்கு மேலும் அடியிலும் ஓடி, இலை மெல்லியதாக இருந்து, இலையும் தண்டும் சேரும் இடத்தில் பூனைமுடி போன்ற வளையம் தெரிந்தால் அது அருகு. இலை விறைப்பாக, தண்டுக்கு ஏறக்குறையச் செங்கோணத்தில் நின்று, உள்ளங்கையைக் குத்தினால் அது சோய்சியா. மணிலா புல் என்பது இந்த இனத்தில் ஒன்று. கொரியன் புல் என்று கேட்டு வாங்கப்படுவதும் பெரும்பாலும் இதில் ஒன்றே. தட்டையான தடித்த தண்டு மண்ணுக்கு மேல் மட்டும் ஓடி, இலை அகன்று, நுனி மழுங்கியிருந்தால் செயின்ட் அகஸ்டின். ஓடும் தண்டே இல்லாமல் கொத்துக் கொத்தாக நின்றால், அது டால் ஃபெஸ்கியூ அல்லது ரை புல் போன்ற குளிர்ப் பருவப் புல்லாக இருக்கும். குளிர்ப் பருவப் புற்களில் கென்டக்கி புளூகிராஸுக்கு மட்டும் மண்ணடித் தண்டு நன்றாக ஓடும். அதன் இலை நுனி படகின் முனைபோல் குவிந்திருக்கும்.

அறிகுறி 1: நிழல் விழும் பகுதியில் புல் நீண்டு மெலிந்து, மண் தெரிகிறது

மிகுதியாக வரும் குறையும், மிகுதியாகத் தவறாகக் கணிக்கப்படும் குறையும் இதுவே. இலை குறுகி, கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நீண்டு, தண்டு வெளிச்சம் வரும் பக்கமாகச் சாய்ந்திருந்தால் ஒளி போதவில்லை என்று பொருள். சத்துக் குறைவு என்று எண்ணித் தழைச்சத்து உரம் போட்டால், ஏற்கெனவே இளைத்த புல் இன்னும் நீண்டு, இன்னும் வேகமாக அழியும்.

சோதனை எளியது. மேகமில்லாத ஒரு நாளில் அந்த இடத்தில் ஒரு முளை அடித்து, காலை முதல் மாலை வரை மணிக்கொரு முறை அதன்மேல் நேரடி வெயில் விழுகிறதா என்று குறித்து வையுங்கள். சூரியனின் பாதை பருவத்துக்குப் பருவம் மாறுவதால், சில மாதங்கள் கழித்து இன்னொரு முறை பார்ப்பது நல்லது. கண்மதிப்பாகச் சொல்லும் நேரம் அனேகமாக உண்மையைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

*ஆறு மணி நேரத்துக்கு மேல் வெயில் இருந்தால்:* குறை நிழலில் இல்லை. உதிர்ந்த இலை நாள்கணக்கில் மூடிக் கிடக்கிறதா என்று பாருங்கள், கூட்டினாலே சரியாகலாம். அடுத்து 15 செ.மீ. தோண்டுங்கள். மரத்தின் மெல்லிய வேர்கள் பாய்போல் பின்னியிருந்தால், நீங்கள் ஊற்றும் நீரை மரம் குடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பகுதிக்கு மட்டும் தனியாக, நன்றாக ஊறும்படி நீர் விடுங்கள்.

*நான்கு முதல் ஆறு மணி நேரம் இருந்தால்:* முதலில் வெட்டும் உயரத்தைக் கூட்டுங்கள். சோய்சியாவை 5 செ.மீ., செயின்ட் அகஸ்டினை 8 முதல் 10 செ.மீ. வரை விடலாம். நிழலில் மண் மெதுவாகக் காய்வதால் நீரையும் தழைச்சத்தையும் குறையுங்கள். பிறகு தாழ்ந்த கிளைகளைக் கழியுங்கள். இவற்றுக்குப் பின்னும் தேறாத புல் அருகாக இருந்தால், அதற்கு அந்த இடம் ஒவ்வாது. சோய்சியா அல்லது செயின்ட் அகஸ்டினுக்கு மாறுங்கள்.

*நான்கு மணி நேரத்துக்கும் குறைவானால்:* வெப்பமான இடத்தில் செயின்ட் அகஸ்டினின் நிழல் தாங்கும் ரகங்களை முயன்று பார்க்கலாம்; மண் ஈரமாகவும் சற்றே அமிலத் தன்மையோடும் இருந்தால் அகன்ற இலை கொண்ட ஆக்சோனோபஸ் புல்லும் தாங்கும். குளிர்ந்த இடத்தில் மெல்லிலை ஃபெஸ்கியூ வகைகள் பொருந்தும். மூன்று மணி நேரத்துக்குக் கீழே போனால் எந்தப் புல்லையும் நான் பரிந்துரைப்பதில்லை. அங்கே ஓஃபியோபோகன் போன்ற நிழல் தாவரத்தை நடுவதோ, கூழாங்கல் பரப்புவதோதான் நேர்மையான தீர்வு.

ஒரு வீட்டில் மரத்தடியில் கலப்பின அருகை மூன்று முறை பதித்திருந்தார்கள். மண்வெட்டியால் ஒரு கட்டி எடுத்துப் பக்கவாட்டில் பார்த்தபோது, முந்தைய பத்தைகளோடு வந்த செம்மண் இரண்டு கோடுகளாக, நடுவே மக்கிய சருகோடு, அடுக்கடுக்காகத் தெரிந்தது. முளையடித்துப் பார்த்ததில் அந்த இடத்துக்கு வெயில் இரண்டரை மணி நேரமே வந்தது. முதல் முறைக்கு முன்பே ஒரு நாள் செலவழித்துப் பார்த்திருந்தால் மூன்று முறை உழைப்பும் மிஞ்சியிருக்கும் என்பது எனக்கு இன்றும் வருத்தமே.

*எப்போது ஆளை அழைப்பது:* கழிக்க வேண்டிய கிளை தலைக்கு மேலே இருந்தாலோ, மின்கம்பிக்கு அருகில் இருந்தாலோ நீங்களே ஏற வேண்டாம். கை மணிக்கட்டளவு தடித்த வேரை வெட்டும் எண்ணம் இருந்தாலும் மரம் அறிந்தவரைக் கேட்ட பிறகே வெட்டுங்கள். மரம் சாயும் ஆபத்து உண்டு.

அறிகுறி 2: நடமாடும் இடத்தில் மட்டும் தேய்ந்து வழுக்கையாகிறது

நீர் விட்ட மறுநாள், வழுக்கையான இடத்திலும் நன்றாக இருக்கும் இடத்திலும் ஸ்க்ரூடிரைவரைக் கையால் அழுத்திப் பாருங்கள்.

*நல்ல இடத்தில் 15 செ.மீ. இறங்கி, வழுக்கையில் 5 செ.மீ.யிலேயே நின்றால்:* மண் இறுகிவிட்டது. மண்ணை உருளையாகப் பெயர்த்தெடுக்கும் துளைக்கருவியால் 5 முதல் 8 செ.மீ. ஆழத்துக்கு நெருக்கமாகத் துளையிட்டு, மேலே சலித்த மட்கிய உரத்தைத் தூவுங்கள். வெறும் கம்பியால் குத்தினால் துளையைச் சுற்றியுள்ள மண் மேலும் இறுகும். புல் நன்றாக வளரும் பருவத்திலேயே இதைச் செய்ய வேண்டும்.

*இரண்டு இடத்திலும் எளிதாக இறங்கினால்:* புல்லுக்குத் தேய்மானத்தைத் தாங்கும் வலு இல்லை. செயின்ட் அகஸ்டின் மண்ணுக்கு மேல் ஓடும் தண்டை மட்டுமே நம்பியிருப்பதால், மிதிபட்டு அது நைந்தால் அடியிலிருந்து எழ வழியில்லை. குழந்தைகள் ஓடியாடும் முற்றத்துக்கு, வெயில் இருந்தால் அருகைப் போல மிதிபட்டும் விரைவில் மீளும் புல் வேறில்லை. சோய்சியா நன்றாகத் தாங்கும். ஆனால் ஒரு முறை வழுக்கையானால் மூடுவதற்கு ஒரு பருவம் முழுதும் எடுத்துக்கொள்ளும். குளிர்ந்த பகுதியில் டால் ஃபெஸ்கியூ மட்டும் இருந்தால், கொத்துப் புல் பக்கவாட்டில் அதிகம் படராது என்பதால் ஓட்டைகள் அப்படியே நிற்கும். அதனோடு கென்டக்கி புளூகிராஸைக் கலந்து விதைப்பது இதற்காகவே.

வாசலிலிருந்து கேட் வரை எல்லோரும் தினமும் ஒரே தடத்தில் நடந்தால் எந்தப் புல்லும் தாங்காது, நடைக்கல் பதித்துவிடுங்கள்.

*எப்போது ஆளை அழைப்பது:* எங்கு குத்தினாலும் ஒரே ஆழத்தில் ஸ்க்ரூடிரைவர் "டக்" என்று நின்றால், அடியில் கட்டடக் கழிவோ இறுகிய அடுக்கோ இருக்கிறது. அதை இயந்திரத்தால்தான் உடைக்க முடியும்.

அறிகுறி 3: ஒரு பருவத்தில் புல்வெளி முழுவதும் பழுப்பாகிறது

முதலில் ஒரு பிடி புல்லை இழுத்துப் பாருங்கள். விடாமல் பிடித்துக்கொண்டால், மண் மட்டத்தில் இலை உறையைப் பிரித்து அடிக்கட்டையைப் பாருங்கள். அது வெண்மையாகவோ பச்சையாகவோ உறுதியாகவோ இருந்தால் புல் உறங்குகிறது. பழுப்பாக உலர்ந்து நொறுங்கினால் இறந்துவிட்டது.

*குளிர் காலத்தில் பழுத்து, வெப்பம் வந்ததும் துளிர்த்தால்:* அருகு, சோய்சியா போன்ற வெப்பப் பருவப் புற்கள் ஏறக்குறைய 27 முதல் 35 டிகிரி செல்சியஸில் செழிப்பவை. மண்ணின் வெப்பம் 10 முதல் 13 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது அவை நிறம் இழந்து உறங்குவது இயல்பு. அப்போது உரம் போடுவது வீண். குளிர் காலத்திலும் பச்சை வேண்டுமென்றால், அருகின் மேல் பெரென்னியல் ரை புல்லை விதைப்பார்கள். 5 முதல் 10 நாளில் முளைத்து, வெயில் ஏறும்போது அது தானே மடியும்.

*கோடையில் பழுத்தால்:* கொத்துப் புல்லோ கென்டக்கி புளூகிராஸோ உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றுக்குப் பிடித்தது 15 முதல் 24 டிகிரி. நாள்தோறும் 32 டிகிரிக்கு மேல் காயும் இடத்தில் அவை நீரால் மட்டும் நிலைக்காது. கோடை சில வாரங்களே கடுமையாக இருக்கும் ஊரானால், வேர் ஆழமாக இறங்கும் டால் ஃபெஸ்கியூவைத் தேர்ந்தெடுக்கலாம். மாதக்கணக்கில் நீளும் ஊரானால் வெப்பப் பருவப் புல்லுக்கு மாறுவதைத் தவிர வேறு வழி இல்லை.

*வெப்பப் பருவப் புல்லே கோடையில் பழுத்தால்:* அது நீர்த் தாகம். நடந்து திரும்பிப் பாருங்கள். மிதித்த சுவடு நிமிராமல் கிடந்து, நிறம் நீலச் சாம்பலாக மாறியிருந்தால் இதுவே. நாள்தோறும் மேலாகத் தெளிப்பதை விட்டு, வாரத்துக்கு மொத்தம் 2.5 செ.மீ. அளவுக்கு, இரண்டு முறை ஆழமாக நீர் பாய்ச்சுங்கள். மணற்பாங்கான மண்ணில் இதையே மூன்றாகப் பிரியுங்கள்.

அறிகுறி 4: வட்டமாகவோ திட்டுத் திட்டாகவோ கருகுகிறது

நடுவில் கருகி, சுற்றிலும் கரும்பச்சை வளையம் இருந்தால் நாயின் சிறுநீர். அப்போதே நிறைய நீர் ஊற்றினால் தப்பும்.

அதுவல்ல என்றால், தெளிப்பான் எட்டாத இடமா என்று பாருங்கள். ஒரே அளவுள்ள சில டப்பாக்களைப் பரப்பி வைத்து, கால் மணி நேரம் தெளிப்பானை ஓடவிட்டு நீர் மட்டத்தை அளவுகோலால் ஒப்பிடுங்கள். திட்டில் வைத்த டப்பா பாதியளவே நிறைந்திருந்தால் பூச்சி மருந்து வாங்கத் தேவையில்லை.

நீர் சமமாக இருந்தால், திட்டின் ஓரத்தில் புல்லைப் பற்றித் தூக்குங்கள். பாய்போல் சுருண்டு வந்தால், வேரைப் புழு தின்றிருக்கிறது. அடியில் வளைந்த வெண்புழுக்கள் தெரியும். ஓரடிச் சதுரத்தில் ஒன்றிரண்டு இருப்பது இயல்பு. பத்துக்கு மேல் இருந்தால் மருத்துவம் தேவை. செயின்ட் அகஸ்டினில், வெயில் சுடும் ஓரங்களில் தொடங்கி மஞ்சளாகிப் பரவினால் சின்ச் பூச்சியைச் சந்தேகியுங்கள். அடியும் மேலும் திறந்த டப்பாவை, பச்சையும் மஞ்சளும் சந்திக்கும் இடத்தில் 5 செ.மீ. அழுத்தி, நீரால் நிரப்பி, பத்து நிமிடம் நீர் குறையாமல் பார்த்துக்கொண்டிருங்கள். வெள்ளை இறகு மடித்த சின்னஞ்சிறு கரிய பூச்சிகள் மிதந்து வரும். முழுக்கச் செத்த இடத்தில் தேடினால் கிடைக்காது. அவை அங்கிருந்து நகர்ந்திருக்கும்.

பூச்சி எதுவும் இல்லாமல், இலை அடிப்பாகம் அழுகிச் சற்றே இழுத்தவுடன் கழன்றுவந்தால் அது பூஞ்சை. மாலையில் நீர் விடும் பழக்கத்தை அதிகாலைக்கு மாற்றுங்கள், தழைச்சத்தை நிறுத்துங்கள்.

*எப்போது ஆளை அழைப்பது:* திட்டு வாரத்துக்கு வாரம் பெரிதாகி, மேலே சொன்ன எதிலும் அடங்காவிட்டால், ஓரத்துப் பச்சையும் சேர்ந்து வரும்படி ஒரு கட்டியை வெட்டிப் பயிர்நோய் ஆய்வுக்குக் கொடுங்கள். பெயர் தெரியாமல் மருந்து அடிப்பது குழந்தைகள் உருளும் தரையில் செய்யத் தகாதது. சின்ச் பூச்சி ஆண்டுதோறும் வந்தால், வெயில் உள்ள பகுதியை அருகுக்கோ சோய்சியாவுக்கோ மாற்றுவது பற்றி அப்போது யோசிக்கலாம்.

அறிகுறி 5: வெட்டிய பிறகு நிறம் கெடுகிறது

*மறுநாள் நுனிகள் வெளிறினால்:* ஓர் இலையைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். நுனி நேராக வெட்டுப்படாமல் நார்நாராகக் கிழிந்திருந்தால் கத்தி மழுங்கியிருக்கிறது. சாணை பிடித்தால் போதும்.

*பழுப்புக் குச்சிகள் தெரிந்தால்:* ஒரே முறையில் மிகுதியாக வெட்டியிருக்கிறீர்கள். உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு நேரத்தில் எடுக்கக் கூடாது. கலப்பின அருகுக்கு 1.5 முதல் 4 செ.மீ., சோய்சியாவுக்கு 2.5 முதல் 5, டால் ஃபெஸ்கியூவுக்கு 6 முதல் 9, செயின்ட் அகஸ்டினுக்கு 6 முதல் 10 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*நடந்தால் மெத்தைபோல் அமுங்கி, இயந்திரச் சக்கரம் புதைந்தால்:* சருகுப் படலம் சேர்ந்திருக்கிறது. ஒரு கட்டி வெட்டி அளந்து, பச்சைக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள பழுப்பு நார் 1.25 செ.மீ. தாண்டினால், வெட்டும் உயரம் என்று நீங்கள் நினைப்பது உண்மையில் குச்சியின் உயரம். வளரும் பருவத்தின் தொடக்கத்தில் சீவியெடுங்கள். ஊசியிலைச் சோய்சியா வெட்டாமல் விட்டால் குன்று குன்றாக எழும்புவது அதன் இயல்பே. அந்த அழகுக்காகவே நடுவோரும் உண்டு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். படங்களில் காணும் கம்பளம் போன்ற தரை, கலப்பின அருகை 2 செ.மீ.க்கும் குறைவாக, உருளைக் கத்தி இயந்திரத்தால், வளரும் பருவத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வெட்டுவதால் வருவது. வாரத்துக்கு ஒரு முறை மட்டுமே நேரம் கிடைக்கும் வீட்டுக்கு அந்தப் புல் பொருந்தாது. மெதுவாக வளரும் சோய்சியாவோ, உயரமாக விடத்தக்க செயின்ட் அகஸ்டினோ அந்த வீட்டில் இதைவிட அழகாக இருக்கும்.

அறிகுறி 6: நீர் தேங்குகிறது, பாசியும் கோரையும் வருகின்றன

தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் அது புல் அல்ல, கோரை. பிடுங்கினால் கிழங்கு அடியிலேயே தங்கி மறுபடி முளைக்கும். ஈரம் நிலைக்கும் இடத்தில் அது நன்றாகப் பெருகும் என்பதால், நீரைச் சரிசெய்யாமல் களையை மட்டும் துரத்துவது முடிவில்லாத வேலை.

30 செ.மீ. ஆழக் குழி தோண்டி, நீர் நிரப்பி வடியவிட்டு, இரண்டாம் முறை நிரப்பி அளந்து பாருங்கள். மணிக்கு 2.5 செ.மீ. குறைந்தால் போதுமான வடிகால். அதற்குக் கீழே இருந்தால், முதலில் பாய்ச்சும் இடைவெளியை நீட்டுங்கள். பிறகு பள்ளத்தை ஒரு நேரத்துக்கு 1 செ.மீ. வீதம் மண் தூவி மேடாக்குங்கள். மறுநாளும் குழியில் நீர் நின்றால், வடிகால் குழாய் பதிக்கத் தெரிந்தவரை அழையுங்கள். வீட்டின் அடித்தளத்தை ஒட்டி நீர் நின்றால் காத்திருக்கவே வேண்டாம்.

அறிகுறி 7: மஞ்சளாகிறது, அல்லது நுனி கருகி மண்ணில் வெண்பூ படிகிறது

அடி இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் குறைவு. பின்னது பெரும்பாலும் காரத் தன்மை மிகுந்த மண்ணில் வரும். சென்டிபீட் புல் நட்டிருந்தால் அதற்குக் கார அமில அளவு 5 முதல் 6 வரை இருக்க வேண்டும்; கார மண்ணில் இரும்புக் கரைசலைத் தெளித்துக்கொண்டே இருப்பதைவிட வேறு புல்லைத் தேடுவது மேல்.

வெண்பூ படிந்தால் நீரிலோ மண்ணிலோ உப்பு. இரண்டையும் பரிசோதனைக்குக் கொடுங்கள்; இதைக் கண்ணால் முடிவு செய்ய முடியாது. வடிகால் இருந்தால் நல்ல நீரால் ஆழமாக அலசி விடலாம். உப்பு நீர் தவிர வேறு இல்லை என்றால், கடலோரப் பாஸ்பலம் புல்லே முதல் தேர்வு. சோய்சியாவும் அருகும் அடுத்து நிற்கும். கென்டக்கி புளூகிராஸும் சென்டிபீடும் நிலைக்காது.

அறிகுறி 8: விதை முளைக்கவில்லை, அல்லது வேறு புல் முளைத்தது

காத்திருந்தீர்களா என்பதே முதல் கேள்வி. டால் ஃபெஸ்கியூ 7 முதல் 14 நாள், கென்டக்கி புளூகிராஸ் 14 முதல் 30 நாள்வரை எடுக்கும். வெப்பப் பருவப் புல்லின் விதை, மண் 18 டிகிரிக்கு மேல் சூடேறாமல் சரியாக முளைக்காது. நாள் கடந்திருந்தால், மிச்ச விதையில் ஐம்பதை ஈரத் துணியில் சுருட்டி வெதுவெதுப்பான இடத்தில் வைத்து எண்ணுங்கள். அங்கே முளைத்து மண்ணில் முளைக்கவில்லையென்றால், ஆழமாகப் புதைத்திருப்பீர்கள் அல்லது ஈரம் இடையில் விட்டிருக்கும்.

வேறு புல் முளைத்தது என்றால் விதையையே சந்தேகிக்க வேண்டும். டிஃப்வே 419 என்னும் கலப்பின அருகு 1960இல் வெளியிடப்பட்டது. அது மலட்டு ரகம், விதை கட்டாது. கரணையாலோ பத்தையாலோ மட்டுமே பெருக்க முடியும். அந்தப் பெயரில் விதைப் பொட்டலம் கொடுத்தால் அது வேறு ஏதோ அருகு. இலை தடித்து, நிறம் வெளிறித்தான் வரும். செயின்ட் அகஸ்டினையும் நடைமுறையில் கரணையாகவே நடுகிறார்கள்.

பத்தை பதித்துப் பிடிக்கவில்லையென்றால், மூன்று வாரம் கழித்து ஒரு மூலையை மெல்லத் தூக்குங்கள். எதிர்ப்பில்லாமல் எழுந்து, அடியில் வெள்ளை வேர் தெரியாவிட்டால், பத்தைக்கும் மண்ணுக்கும் இடையே காற்று நிற்கிறது. உருளை ஓட்டி அழுத்தி, நீர் அடிமண் வரை இறங்கும்படி விடுங்கள்.

அறிகுறி 9: புல் பூச்செடிப் பாத்திக்குள் புகுகிறது

இது அருகின் குணம். இரண்டு கணு உள்ள ஒரு துண்டு மண்ணில் தங்கினாலும் மறுபடி கிளம்பும். ஓரத்தை மாதம் ஒருமுறை மண்வெட்டியால் நேராக வெட்டி, வெட்டிய துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். பாத்தியில் கொத்திக் கலக்க வேண்டாம். அடங்காவிட்டால், 15 செ.மீ.க்குக் குறையாத ஆழத்துக்குத் தகடோ கல்லோ பதித்துத் தடுப்பு வையுங்கள். தடுப்பின் விளிம்பு மண்ணுக்கு மேல் விரற்கடை நீளமாவது நிற்க வேண்டும், இல்லையெனில் தண்டு மேலேறித் தாண்டிவிடும். நாலாபுறமும் பாத்தி உள்ள சிறிய தரைக்கு, குளிர்ந்த இடமானால் கொத்துப் புல்லையும், வெப்பமான இடமானால் மெதுவாக ஓடும் சோய்சியாவையும் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குங்கள்.